முதியோர் மறதியும் மூளையுறைக் கசிவும்

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து டில்லியிலோ நாக்பூரிலோ கொல்கத்தாவிலோ வேர்கொண்டுவிட்ட நாம், ஊரில் இருக்கும் பெற்றோரை நம்மிடம் அழைத்துக்கொள்வது பெரும்பாலும் அவ்விருவரில் ஒருவர் காலமான பிறகே. எழுபதைக் கடந்த வயதில், கடைக்காரன் பேசுவதும் புரியாத ஓர் ஊருக்கு வந்து சேரும் அவர்கள், முதல் ஆண்டிலேயே சற்றுக் குறுகிப் போகிறார்கள். திண்ணை இல்லை; கோயிலுக்குப் போகத் துணை வேண்டும்; பேசுவதற்குப் பேரக்குழந்தைகளைத் தவிர ஆளில்லை. குழந்தைகளோ பாதிப் பேச்சை இந்தியில் பேசுகிறார்கள். ஆகவே அவர்கள் பேச்சுக் குறைவதும், பெயர் மறப்பதும், நடை தளர்வதும் நமக்கு வியப்பளிப்பதில்லை. முதுமை என்னும் ஒரு சொல்லில் அனைத்தையும் அடக்கிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் மறைந்து நிற்கும் நோய் ஒன்று உண்டு. முதுமைக்கு மருந்தில்லை, இந்நோய்க்கு உண்டு. அண்மைக் காலத்தில் மூளை அறுவைச் சிகிச்சையாளர்கள் பெரிய அளவில் ஆராய்ந்துவரும் நோய்களில் இதுவும் ஒன்று.

இதைப் பற்றி எழுத நமக்கு வைத்தியப் படிப்பு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். ஒன்றும் இல்லை. நாம் கலைப் பட்டதாரி. மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளர். ஆனால் நம் அரசாங்கக் குடியிருப்பில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நம்மை இவ்விஷயத்தில் இழுத்து விட்டது. அதில் நம்முடைய பிழையும் ஒன்று கலந்திருந்தமையால், அதனைச் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று.

எதிர் வீட்டு முதியவருக்கு வயது எழுபத்தெட்டு. பள்ளி எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தாமிரபரணிக் கரையை விட்டு மகன் வீட்டுக்கு வந்தவர். வீட்டில் அவர் தாமாக ஏற்றுக்கொண்ட பணி பால் கணக்கு எழுதுவது. நாட்காட்டியின் கட்டங்களில் தினமும் எத்தனை லிட்டர் என்று குறித்து, மாத முடிவில் பால்காரரிடம் விரல்களாலும் எண்களாலும் பேசிக் கணக்கை முடிப்பார். இருவருக்கும் பொது மொழி எண்கள்தாம். ஒரு மார்கழி விடியலில் குளியலறைக் கதவின் மேல்விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டார். புடைத்தது, மருமகள் மஞ்சள் பற்றுப் போட்டாள், நான்கு நாளில் வற்றியது, எல்லோரும் மறந்தார்கள்.

ஏழு வாரங்களுக்குப் பிறகு அவருடைய இடக்காலிலிருந்து செருப்பு கழன்று கழன்று விழத் தொடங்கிற்று. பகலிலும் உறங்கினார். ஒரு நாள் மருமகளைத் தம் காலஞ்சென்ற தங்கையின் பெயரால் அழைத்தார். மறுநாள் தெளிவாகவே இருந்தார். மகன், “வயது எண்பதை நெருங்குகிறது, இனி இப்படித்தான் இருக்கும்” என்றார். மருமகளுக்கு அது ஒப்பவில்லை. நாட்காட்டியில் அந்த மாதத்துக் கட்டங்கள் சிலவற்றில் எண்ணுக்குப் பதில் கோடுகள் மட்டும் இருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது, இரு மொழியும் அறிந்தவர் என்று நம்மையும் அழைத்துச் சென்றார்கள். இளம் மருத்துவர் இந்தியில் கேட்டார், நாம் தமிழில் கேட்டோம், முதியவர் விடையளித்தார், நாம் இந்தியில் சொன்னோம். “இன்று என்ன கிழமை?” என்பதற்கு அவர், “கிழமை... அது... பால் வந்ததே, அதற்கு முன்னாலே... வெள்ளியா?” என்றார். அன்று வெள்ளிக்கிழமைதான். “வெள்ளிக்கிழமை என்கிறார்” என்று நாம் சொன்னோம். “தலை வலிக்கிறதா?” என்பதற்கு அவர் சொன்ன விடை தலையில் தொடங்கித் தம் தங்கையின் கலியாணத்தில் முடிந்தது. “அதிகம் இல்லை என்கிறார்” என்றோம். மருத்துவர் ஏறத்தாழத் தாளை மடக்கிவிட்டார். அப்பொழுதுதான் மருமகள் நம்மிடம், “நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டீர்கள் சார், மாமா அப்படிச் சொல்லவில்லையே” என்றாள்.

இருபது ஆண்டுகளாகக் கோணலான வாக்கியத்தை நேராக்குவதே நம் தொழில். அந்தப் பழக்கத்தால், முதியவரின் சிதைந்த பேச்சை முழு வாக்கியமாக்கி, நோயின் முதன்மையான அடையாளத்தை நாமே துடைத்தெறிந்துகொண்டிருந்தோம். மருமகள் தனக்குத் தெரிந்த இந்தியில் மருத்துவரிடம் நேரே சொன்னாள்: “இவருக்கு இந்தி தெரியாதது புதிதன்று. பால் கணக்குத் தெரியாததுதான் புதிது.” மருத்துவர் மடக்கிய தாளைத் திரும்பப் பிரித்தார். செருப்பைப் பற்றியும் அடிபட்டதைப் பற்றியும் அதன் பின்னரே பேச்சு எழுந்தது. ஒரு மணி நேரத்தில் சி.டி. ஸ்கேன் படம் வந்தது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே, வலப்பக்கத்தில், பிறை வடிவில் ஒரு சாம்பல் நிழல். மூளை மறுபக்கம் ஒதுங்கியிருந்தது.

அந்நிழல் என்ன என்று பார்ப்போம். மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி, தோல் போன்ற தடித்த உறை ஒன்று இருக்கிறது. லத்தீன் மொழியில் அதற்கு ‘ட்யூரா மேட்டர்’ என்று பெயர். நேர்ப்பொருள் ‘கடினமான தாய்’. உறைக்கு ஏன் தாய் என்று பெயர் வந்தது? பழைய அரபு மருத்துவ நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள், அரபியில் பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பைக் குறிக்கத் தாய் என்ற சொல் வழங்குவதுண்டு என்பதைக் கருதாமல், சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டார்கள். பிழையோ அழகோ, எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் அதை ஒப்பித்து வருகிறார்கள். நம் தொழிலில் உள்ளவர்களுக்கு இது ஒரு சிறு ஆறுதல்.

மூளையின் மேற்பரப்பிலிருந்து அந்த உறைக்கு மெல்லிய சிரைகள் சில பாலம் போலச் செல்கின்றன. இளமையில் மூளை மண்டையோட்டை நிறைத்து நிற்பதால் அச்சிரைகள் குறுகியவை, தளர்வாக இருப்பவை. வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது, இடைவெளி அகல்கிறது, சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. இந்நிலையில் சிறியதோர் அதிர்ச்சியும் ஒரு சிரையைக் கீறிவிடப் போதுமானது. கதவில் இடித்துக்கொள்வது, பேருந்து சட்டென்று நிற்கும்போது கம்பியில் மோதுவது போன்றவை போதும். அடிபட்டதே நினைவில்லாதவர்களும் பலர். சிரையிலிருந்து வரும் இரத்தம் பீறிட்டு வருவதன்று; கசிவது. அதனால் அன்றைக்கு ஒன்றும் தெரிவதில்லை.

வியப்பு இனிமேல்தான். கசிந்த இரத்தத்தை உடல் அயற்பொருளாகக் கருதி, அதைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வைப் பின்னுகிறது. அச்சவ்வில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. ஆனால் அவை அவசரத்தில் கட்டிய சுவர் போன்றவை, தாமும் கசிகின்றன. உள்ளே உறைந்த இரத்தம் கரைந்து, பலநாள் ஓடிய மோட்டார் எஞ்ஜினின் எண்ணெய் போலக் கறுத்து நீராகிறது. ஆற்ற வந்த சவ்வே ஊற்றாகி, தேக்கம் வாரக்கணக்கில் பெருகுகிறது. முதியவரின் மண்டையோட்டில் இடம் இருப்பதால் மூளை நெடுநாள் பொறுத்துக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் பொறுக்க முடிவதில்லை. நடை தள்ளாடுகிறது, ஒரு பக்கக் கை அல்லது கால் வலுவிழக்கிறது, பேச்சுக் குழறுகிறது, உறக்கம் மிகுகிறது, மனம் ஒரு நாள் தெளிந்தும் ஒரு நாள் கலங்கியும் இருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க வேண்டும். முதுமை மறதி ஆண்டுக்கணக்கில் வளர்வது. வாரக்கணக்கில் மாறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இக்கசிவை ஒரு காலத்தில் மூளையுறையின் அழற்சி என்றே எண்ணினார்கள். ஜெர்மனியின் பேரறிஞர் விர்ஹோ 1857-இல் அவ்வாறே பெயரிட்டார். பெரியவர் சொன்னதால் அரை நூற்றாண்டுக்கு மேல் அது நின்றது. 1914-இல் இங்கிலாந்தின் அறுவைச் சிகிச்சையாளர் வில்ஃப்ரெட் டிராட்டர், இது அடிபட்டுச் சிரை கிழிவதால் வருவது என்று எடுத்துக்காட்டினார். ஆனால் உயிரோடிருப்பவர் மண்டைக்குள் அதைக் காண நேரான வழி இல்லை. 1971 அக்டோபர் 1-ஆம் நாள் லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாக சி.டி. கருவி படம் பிடித்தது. அதை அமைத்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, இசைத்தட்டுகளுக்குப் பேர்போன ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர். 1979-இல் நோபல் பரிசு அவருக்கும் ஆலன் கார்மாக் என்பவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இன்று மாவட்டத் தலைநகரங்களிலும் அந்தப் படம் சில நிமிடங்களில் கிடைக்கிறது.

சிகிச்சை எளியது. மண்டையோட்டில் ஒரு விரல் நுனி நுழையும் அளவில் ஒன்றோ இரண்டோ துளையிட்டு, உறையைக் கீறினால், கறுத்த நீர் தானே வெளிவருகிறது. உப்புநீரால் அவ்விடத்தைக் கழுவித் தைத்துவிடுகிறார்கள். உடல் தளர்ந்த முதியவருக்கு முழு மயக்கம் கொடுக்காமலே, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தும் இதனை நடத்துவதுண்டு. நம் நாட்டில் நரம்பியல் அறுவைக்கென்று ஒரு துறை 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி அவர்களால் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. இராமமூர்த்தி அவர்கள் தொடங்கினார். டில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் 1965-இல் பிரகாஷ் நாராயண் டாண்டன் அவர்கள் அமைத்தார். இன்று எந்த மாநிலத்திலும் நரம்பியல் அறுவைச் சிகிச்சையாளர் எவருக்கும் இந்தத் துளைச் சிகிச்சை அன்றாடப் பணி.

அவ்வளவு எளியதென்றால் ஆராய்ச்சி எதற்கு? தேக்கம் திரும்பி வருவதால்தான். நீரை இறைத்தாலும் ஊற்றான சவ்வு உள்ளேயே இருக்கிறது. வந்தவருக்கு மீண்டும் மேசை, மீண்டும் துளை. எண்பது வயதுடலுக்கு இரண்டாம் முறை முதல் முறையைப் போன்றதன்று. திரும்பி வருவதைத் தடுக்க ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு முறையை நம்பினார். ஒருவர் துளையில் குழாய் வைத்துவிட்டு வருவார். மற்றொருவர் குழாய் வைத்தால் நோய்க்கிருமி புகும் என்பார். யார் சொல்வது சரி?

இதைத் தீர்க்க ஒரு நேர்மையான வழி உண்டு. நம் கோயில்களில் வழங்கும் திருவுளச்சீட்டு போன்றது. இசைவு தந்த நோயாளிகளை, மருத்துவர் விருப்பத்துக்கும் நோயாளி விருப்பத்துக்கும் விடாமல், சீட்டு விழுந்தபடி இரு கூறாகப் பிரிப்பது. ஒரு கூறுக்கு ஒரு முறை, மற்றதற்கு மற்றது. பிறகு எண்ணிப் பார்ப்பது. சீட்டு எதற்கு என்றால், மருத்துவரே பிரித்தால் தம்மையறியாமல் தேறக்கூடியவர்களைத் தம் அபிமான முறையில் சேர்த்துவிடுவார். மனித இயல்பு அது. குற்றம் சொல்லிப் பயனில்லை.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் குழாய் வழக்கை இவ்வாறு ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். 215 நோயாளிகள். குழாய் வைத்த 108 பேரில் 10 பேருக்கே மீண்டும் அறுவை தேவைப்பட்டது. வைக்காத 107 பேரில் 26 பேருக்கு. ஆறு மாத முடிவில் இறந்தோர், குழாய் வைத்தவர்களில் 8.6 சதவீதம், வைக்காதவர்களில் 18.1 சதவீதம். நன்மை இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், திட்டமிட்ட தொகையை எட்டுமுன்பே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். மெல்லிய ரப்பர் போன்ற ஒரு குழாய், ஒன்றிரண்டு நாட்கள். அதன் விலையை எண்ணிப் பார்த்தால் இதைவிட மலிவாக உயிர் காத்த கருவி அதிகம் இராது.

அதனினும் எளியது ஸ்வீடனிலிருந்து 2023-இல் வந்தது. நம்மை மிகவும் கவர்ந்த ஆய்வும் இதுவே. தேக்கத்தைக் கழுவ ஊற்றும் உப்புநீர் வழக்கமாக அறையின் குளிர்ச்சியில், ஏறத்தாழ 22 டிகிரியில் இருக்கும். அதை உடலின் வெப்பமான 37 டிகிரிக்குச் சூடாக்கினால் என்ன ஆகும்? 541 பேரைச் சீட்டுப்படி பிரித்துப் பார்த்தார்கள். குளிர்ந்த நீரால் கழுவப்பட்டவர்களில் 14 சதவீதத்தினருக்குத் தேக்கம் திரும்பிற்று. வெதுவெதுப்பான நீரால் கழுவப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கே. உறைந்த துணுக்குகள் வெதுவெதுப்பில் எளிதாகக் கரைந்து வெளிவரலாம். வடியும் இரத்தம் உடல் வெப்பத்தில் சரியாக உறைந்து நிற்கவும் செய்யலாம். பச்சைத்தண்ணீருக்கும் வெந்நீருக்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டுப் பாட்டிமார் எல்லா நோய்க்கும் சொல்வார்கள். இவ்விடத்தில் சீட்டுக் குலுக்கிப் பார்த்ததும் வெந்நீரே வென்றது. நீரால் கழுவத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் பின்லாந்து மருத்துவர்கள் எழுப்பி, 589 பேரிடம் ஆராய்ந்து, 2024-இல் விடை கண்டார்கள். கழுவாதவர்களில் 18.3 சதவீதத்தினருக்கும் கழுவியவர்களில் 12.6 சதவீதத்தினருக்கும் மறு அறுவை தேவைப்பட்டது. கழுவுவதே நல்லது.

எல்லா ஊகமும் இவ்வாறு பலிக்கவில்லை. டெக்சாமெத்தசோன் என்னும் மருந்தை வாசகர் அறிவர். கொரோனாத் தொற்றின்போது பெயர் பரவிற்று. வீக்கத்தைத் தணிப்பதில் வல்லது. சவ்வை வளர்ப்பது அழற்சியே என்பதால், இதனைக் கொடுத்தால் ஊற்று அடங்கும் என்று பல நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் கொடுத்து வந்தார்கள். காரணம் பொருத்தமாகவே இருந்தது. பிரிட்டனில் 23 மருத்துவமனைகள் சேர்ந்து 748 பேரிடம் ஆராய்ந்தன. பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2020 இறுதியில் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களில் 1.7 சதவீதத்தினருக்கே மறு அறுவை தேவைப்பட்டது, மற்றவர்களில் 7.1 சதவீதத்தினருக்கு. இதோடு நிறுத்தியிருந்தால் மருந்து வென்றது என்று பறை அறைந்திருப்பார்கள். ஆனால் ஆய்வாளர்கள் ஆறு மாதம் காத்திருந்து வேறொன்றைக் கேட்டார்கள்: அந்த மனிதர் எப்படி இருக்கிறார்? பிறர் துணையின்றி நடமாடும் அளவுக்கேனும் தேறியவர்கள், மருந்து பெற்றவர்களில் 83.9 சதவீதம், மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களில் 90.3 சதவீதம். மருந்துக் கூட்டத்தில் வேறு உடற்கேடுகளும் மிகுதியாக நேர்ந்தன. ஸ்கேன் படம் தேறிற்று. மனிதர் தேறுவது குறைந்தது.

நூறு பேரில் ஆறு பேர் என்பது கேட்பதற்குச் சிறிது. ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் அனுபவத்தில் அதனைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நல்லெண்ணத்தோடு மருந்தெழுதி, தேறியவர்களை நினைவில் வைத்துக்கொண்டு, தேறாதவர்களை முதுமையின் கணக்கில் எழுதியிருப்பார். நாமும் அதைத்தானே செய்கிறோம்?

கொழுப்பைக் குறைக்கத் தரும் அடோர்வாஸ்டாடின் மாத்திரையையும் இவ்வாறு ஆராய்ந்திருக்கிறார்கள். சீனாவில் 200 பேருக்கு நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், உடனே அறுவை தேவைப்படாதவர்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம் கொடுத்தபோது தேக்கம் கூடுதலாக வற்றியது. பின்னர் அறுவை தேவைப்பட்டவர்கள் மாத்திரை பெற்றவர்களில் 11.2 சதவீதம், பெறாதவர்களில் 23.5 சதவீதம். நம்பிக்கையூட்டுவதுதான். ஆயினும் டெக்சாமெத்தசோன் கதையை அறிந்தபின் நாம் சற்று நிதானிக்கிறோம். மூளை நசுங்கி நிற்பவருக்கு எட்டு வாரம் காத்திருக்கும் சிகிச்சை ஆகாது என்பதையும் மறக்கலாகாது.

இப்பொழுது அதிகம் பேசப்படுவது வேறொரு முறை. ஊற்றாகிய சவ்வுக்கு இரத்தம் எங்கிருந்து வருகிறது? மூளையுறைக்கு இரத்தம் கொணரும் ‘நடு உறைத் தமனி’ என்று நாம் பெயர்க்கக்கூடிய ஒரு குழாயிலிருந்து. இத்தமனி மூளையை ஊட்டுவதன்று, உறையை ஊட்டுவது. ஆகவே அதனை அடைத்துவிட்டால் மூளைக்குக் கேடில்லாமல் ஊற்றின் வாய்க்காலை அடைத்ததாகும். மடையை அடைத்தால் வயலில் கசிவு நிற்பது உழவனுக்குத் தெரிந்த செய்தி. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக நூல்போன்ற குழாயை மேலேற்றி, எக்ஸ்ரே கதிரில் பார்த்துக்கொண்டே அத்தமனியை அடைந்து, பசை போன்ற திரவத்தையோ நுண்துகள்களையோ செலுத்துகிறார்கள். ஜப்பானிய மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் ஒரு நோயாளிக்கு இதனைச் செய்து அறிவித்தார்கள். பின்னர்ப் பல நாடுகளில் பரவிற்று.

2024 நவம்பரில் இதைப் பற்றிய மூன்று பெரிய ஆய்வுகள் ஒரே வாரத்தில் வெளிவந்தன. அமெரிக்காவில் 400 பேரிடம் நடந்த ஆய்வில், துளை அறுவையோடு தமனியையும் அடைத்தவர்களில் 4.1 சதவீதத்தினருக்கே தொண்ணூறு நாளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டது. அறுவை மட்டும் பெற்றவர்களில் 11.3 சதவீதம். 310 பேரிடம் நடந்த இரண்டாவதில், சிகிச்சை தவறியவர்கள் 16-க்கு 36 சதவீதம். சீனாவில் 722 பேரிடம் நடந்த மூன்றாவதில் 6.7-க்கு 9.9 சதவீதம், இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடும் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். 2025-இல் 342 பேரைக் கொண்ட பிரெஞ்சு ஆய்வும் 14.8-க்கு 21 என்று அதே தயக்கத்தில் நின்றது. எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஆனால் ஒரே உரத்த குரலில் அல்ல.

கேடும் இல்லாமலில்லை. அத்தமனியின் கிளைகள் சிலருக்குக் கண்ணுக்குச் செல்லும் தமனியோடு தொடர்புற்றிருக்கும்; பசை அவ்வழி புகுந்தால் பார்வை போகலாம். அமெரிக்க ஆய்வில் தமனி அடைப்புப் பெற்றவர்களில் இருவருக்கு அச்செயலின் விளைவாகவே முடக்கும் பக்கவாதம் நேர்ந்தது. ஆகவே இந்நாளில் இதனைப் பரிந்துரைக்கும் மருத்துவரையும் குறை சொல்வதற்கில்லை. பரிந்துரைக்காதவரையும் குறை சொல்வதற்கில்லை. தேக்கம் திரும்பும் அபாயம் இந்த நோயாளிக்கு எவ்வளவு, அச்செயலில் பழகிய கை இந்த மருத்துவமனையில் உண்டா என்று கேட்பது குடும்பத்தாரின் உரிமை. நாமாக இருந்தால் குழாய் வைப்பார்களா, நீரை வெதுவெதுப்பாக்குவார்களா என்பதையும் பணிவோடு கேட்டுவைப்போம். வெந்நீருக்குத் தனிக் கட்டணம் இராது.

ஆனால் இவ்வளவு ஆராய்ச்சியும் படம் எடுக்கப்பட்ட பிறகே பயன்படும். படம் எடுக்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்றச் செய்வது நம் பொறுப்பில் இருக்கிறது. ஊரில் என்றால் முதியவர் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் மருத்துவர் மாற்றத்தை உணர்ந்துவிடுவார். இங்கே அவர் பேச்சற்றிருப்பதற்கு மொழியும் காரணமாகலாம், மூளையும் காரணமாகலாம். அயல்மொழி மருத்துவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிரித்துக் காட்டக்கூடியவர் வீட்டில் உடனிருப்பவரே. சென்ற மாதம் எது முடிந்தது, இந்த மாதம் எது முடியவில்லை என்று சொல்ல வேண்டும். பெயர்த்துச் சொல்லும்போது நம்மைப் போல் அழகுபடுத்தாமல், நின்ற இடத்தில் நின்று, தடுமாறிய இடத்தில் தடுமாறி, சம்பந்தமில்லாததைச் சம்பந்தமில்லாமலே சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குள் தலையில் பட்ட எந்த இடியையும், சிறியதென்று விடாமல், தேதியோடு சொல்ல வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரினோ இரத்தம் உறையாதிருக்கும் வேறு மாத்திரையோ உண்பவர்களுக்கு இக்கசிவு எளிதில் வரும். ஆகவே மாத்திரை அட்டைகளை அப்படியே கையில் எடுத்துச் செல்வது நலம். அம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது. அது வேறோர் ஆபத்துக்கு வழி.

எதிர் வீட்டு முதியவருக்கு மறுநாள் காலையில் துளையிட்டார்கள். குழாய் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் நாம் சென்றபோது அதே இளம் மருத்துவர் அதே கேள்விகளை எடுத்தார். இம்முறை ஒரு சொல்லையும் திருத்துவதில்லை என்று உறுதி செய்துகொண்டு நின்றோம். கிழமையைச் சரியாகச் சொன்னார். எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு விரல்விட்டு எண்ணினார். பிறகு மருத்துவரை விட்டுவிட்டு மருமகளிடம் திரும்பி, “நாலு நாளாக வீட்டில் நான் இல்லையே அம்மா, பாலை அரை லிட்டர் குறைத்துத்தானே வாங்கினாய்?” என்றார். அதை அப்படியே இந்தியில் பெயர்த்துச் சொன்னோம்.